சபைக் குறிப்பில் ஏறாத பசி

கேள்வி நேரம் முடிவதற்குள் கோட்டைச்சாமிக்கு வயிறு பற்றி எரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் சட்டமன்ற விடுதியில் பதினான்கு இட்லி, அதற்கு மேல் இரண்டு தோசை உள்ளே போயிருந்தது. என்ன புண்ணியம்? பசித்தது அவருடைய வயிறு இல்லையே.

பசியுணரிச் சட்டம் வந்து எட்டு வருடமாகிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் விலா எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள். அதன் ஜோடி, தொகுதியில் ஆயிரம் பேர் உடம்பில் இருக்கும். அந்த ஆயிரம் பேர் பசியின் சராசரி எதுவோ அதுதான் உறுப்பினரின் பசி. தின்று ஏமாற்றிவிடக் கூடாது என்று சொந்த வயிற்றின் குரலை அது அடைத்தே விடும். கழற்றினால் பதவி காலி. சட்டம் நிறைவேறிய அன்று ஜனங்கள் தெருவில் வெடி போட்டார்கள். கலெக்டர் அறிக்கை, வறட்சிக் குழு எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள். இனி உறுப்பினரின் கருவி காட்டாத பசி சபைக் குறிப்பில் ஏறாது. பொய்க் கணக்குக்கு இடமே இல்லை என்று எல்லோருக்கும் ஒரே பெருமை.

அப்புறம் மூன்று வருடம் மழை இல்லை. பட்டினித் தொகுதி உறுப்பினர்கள் அடங்காத பசியை அடக்கக் கிடைத்ததையெல்லாம் தின்று தின்று ஊதிப்போனார்கள். எந்தத் தொகுதியில் பஞ்சம் அதிகம் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் உறுப்பினர்களின் தொந்தியைப் பார்த்தே எழுதினார்கள். ராமநாதபுரம் சீமையில் முள்ளிக்குளம் தொகுதியின் கோட்டைச்சாமியால் இப்போது ஆள் துணையில்லாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது.

அன்றைக்கு அரிசி மசோதா. மாநிலங்களே அயல்நாடுகளோடு நேரடியாக வணிகம் பேசலாம் என்றாகிவிட்ட காலம் அது. வடகடல் நாடுகளுக்கு இருபது வருடம் அரிசி தருவதாக என்றோ கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த வருடம் தராவிட்டால் துறைமுகத்தை எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருப்பது கிடங்குகளில் உள்ள கையிருப்பு மட்டும்தான். முள்ளிக்குளம் கிடங்கும் அதில் சேர்த்தி.

காலையில்தான் ஊரிலிருந்து பத்துப் பேர் ரயிலேறி வந்து விடுதி வாசலில் நின்றார்கள். "அரிசிய மட்டும் விட்டுறாதீகய்யா. அது போச்சுன்னா ஊரே போச்சு" என்றார்கள். "என் உசுரு இருக்கவரைக்கும் ஒரு மூட்டை நகராது" என்று கோட்டைச்சாமி சத்தியம் பண்ணி அனுப்பினார். மனதாரத்தான் பண்ணினார்.

வேளாண் அமைச்சர் நாச்சியப்பன் எழுந்தார். "தலைவர் அவர்களே, அரிசியைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. பதிலுக்கு அவர்கள் பசியாற்றிப் பொடி தருகிறார்கள். ரேஷன் உப்பில் கலந்துவிடலாம். ஒரு சிட்டிகை போதும், நாள் முழுக்கப் பசியே தெரியாது. மழை வரும்வரை என் மக்களில் ஒருவர்கூட வேதனைப்படக் கூடாது!"

ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் அதிர்ந்தன. துறைமுகத் தொகுதி உறுப்பினர் டாக்டர் ஆரோக்கியசெல்வி அதற்கு மேல் குரல் கொடுத்தார்.

"பசி போச்சுன்னா சோறு கிடைச்சிருச்சுன்னு அர்த்தமா? வயித்துவலிக்கு மாத்திரையக் குடுத்துட்டுக் குடலையே கழட்டிக்கிட்டுப் போறான் அவன்! துறைமுகம் போனா போகட்டும் சார். அது என் தொகுதி, நான் சொல்றேன்."

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உங்க ஊர்ல மீன் இருக்கும்மா. உங்களுக்கு வயிறு குளுகுளுன்னு இருக்கு, பேசுறீக! என் வயித்த ஒரே ஒரு நாள் வாங்கிப் பாருங்க!"

கத்தி முடித்த பிறகுதான் தான் யார் பக்கம் பேசினோம் என்று அவருக்கே உறைத்தது. ஆரோக்கியசெல்வி கோபப்படவில்லை. "உங்களுக்கு எப்படி வலிக்குதுன்னு தெரியும் அண்ணாச்சி. இருந்தாலும் கெஞ்சிக் கேக்குறேன். ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது. உங்க ஓட்டு ஒண்ணுதான் பாக்கி."

வாக்கெடுப்பு மணி அடித்தபோது மதியம் பன்னிரண்டரை. முள்ளிக்குளத்தில் உலை கொதிக்க வேண்டிய நேரம். பசி அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சு வரைக்கும் பிறாண்டியது. பள்ளிப் பிள்ளைகளின் பசியும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மூன்று வருடம் இதைச் சுமந்தாயிற்று. இன்னும் ஒரு வருடமா? சத்தியம் ஞாபகத்தில் இருந்தது, வாசலில் நின்ற பத்து முகமும் ஞாபகத்தில் இருந்தது. விரல்தான் கேட்கவில்லை. "போதும்டா சாமி" என்று முனகிக்கொண்டே பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அரிசிக் கப்பல்கள் போயின. ரேஷன் கடைகளுக்கு உப்பு வந்தது. பத்தாம் நாள் கோட்டைச்சாமியின் வயிறு சட்டென்று அமைதியானது. குளியலறையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார், அத்தனை நிம்மதி. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மெலிந்தார்கள். பஞ்சம் நீங்கியது என்று பத்திரிகைகள் அவர்களின் இடுப்பைப் படம் பிடித்துப் போட்டன. மறியல் இல்லை, மனு இல்லை. நாற்பது நாள் கழித்து, ஊருக்குப் போய் ஒரு மாலையாவது வாங்கிவரலாம் என்று கோட்டைச்சாமி கிளம்பினார்.

முள்ளிக்குளத்தில் மாலை போட ஆள் இல்லை. டீக்கடை பூட்டிக் கிடந்தது. எந்தக் கூரையிலும் புகை காணோம். ஒரு வீட்டு வாசலில் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மா என்று பெயர் சொன்னாள். கையில் சதையே இல்லை, வளையல்கள் முழங்கை வரை ஏறிக் கிடந்தன.

"வாங்கய்யா. உங்க புண்ணியத்துல பசியே இல்ல. நல்லாருக்கோம்."

"சமைக்கலையாத்தா?"

"யாருக்குச் சமைக்க? யாரும் கேக்கலயே."

"புள்ளைக்குப் பாலு?"

"பால் வத்தி நாலு நாளாச்சுய்யா. முந்தியெல்லாம் கத்தி ஊரக் கூட்டும். இப்ப அழுகுறதே இல்ல. சமத்தா இருக்கு."

பிள்ளை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தது. அதன் உதட்டில் ஈ உட்கார்ந்தது. அது முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கோட்டைச்சாமி அங்கேயே நின்று கட்சிக் கொறடாவுக்குப் போன் போட்டார். "அண்ணே, நாளைக்கே சபையக் கூட்டணும். ஊரு செத்துக்கிட்டிருக்குண்ணே! உப்ப நிறுத்துங்க, எங்கிட்டாவது அரிசி வாங்குங்க!"

"பதறாதீங்க. எந்த உறுப்பினருக்கும் ஒண்ணும் தெரியலயே. உங்களுக்குப் பசிக்குதா?"

கோட்டைச்சாமி வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். பசிக்கட்டும், ஒரே ஒரு நிமிஷம் பசிக்கட்டும் என்று தெய்வத்தையெல்லாம் வேண்டினார். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

"இல்லண்ணே."

"அப்ப எதைக் குறிப்புல ஏத்தச் சொல்றீங்க? சட்டம் போட்டதே நாமதான?" கொறடா வைத்துவிட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீகளேய்யா" என்றாள் பேச்சியம்மா. "சாப்பிட்டீகளா?"

கோட்டைச்சாமி யோசித்துப் பார்த்தார். இன்றைக்கு இல்லை. நேற்றும் இல்லை. அதற்கு முந்தின நாள் விடுதியில் ஏதோ பொட்டலம் வாங்கியதாக ஞாபகம், பிரித்த ஞாபகம் இல்லை.

"ஆச்சும்மா" என்றார்.