அதிகப்படியான மூன்று தாடைகள்

தொல்லியல் ஆய்வாளர் மெலாஹத், பல் டாக்டர் செவ்கெத்தின் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தாள். கோன்யா ஊரில் ஒருவர் அப்படி வீட்டுக்குள் நுழைந்தால் தலைபோகிற காரியம் என்று அர்த்தம்.

"என் பேரையே நாறடிச்சுட்டாங்க, டாக்டர். சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலைன்னா, மேட்டைத் தோண்டுற அனுமதி போயிடும்."

செவ்கெத் நீதிமன்றத்துக்காகப் பற்களைப் பார்த்துச் சாட்சி சொல்லி ஓய்வு பெற்றவர். அவரது பழைய நர்ஸ் செர்ரின், வழக்கு என்றால் அவருக்கு முன்பே கோட்டை மாட்டிக்கொள்கிறவள்.

விஷயம் இதுதான். மெலாஹத் தோண்டும் மேட்டின் அடிமண்ணில் எட்டாயிரம் வருடப் பழமையான ஆட்டுத் தாடைகள் கிடைத்திருந்தன. பெரும்பாலும் பால்குடி மறக்காத குட்டிகள். குட்டியைச் சீக்கிரம் வெட்டினால் தாயின் பால் மனிதனுக்கு மிஞ்சும். கம்பளிக்கு வளர்த்தவர்கள் ஆடு கிழடாகும்வரை வைத்திருப்பார்கள். அப்படித் தேய்ந்த பற்கள் மேல்மண்ணில்தான் வந்தன. ஆக, இந்தச் சமவெளியில் முதலில் பால், பிறகே கம்பளி. இதை மெலாஹத் பெருமையோடு சொல்லி வாய் மூடுவதற்குள், பரிசோதிக்க வந்த பேராசிரியர் ஹாலுக் அந்தக் குட்டித் தாடைகள் வைத்திருந்த பெட்டியில் மூன்று புதுத் தாடை எலும்புகளைக் கண்டுபிடித்து, மோசடி என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

மேட்டடி முகாமில், பெட்டிச் சாவியை வைத்திருக்கும் அருங்காட்சியக அதிகாரி செலாமி ஆவி பறக்கும் பாத்திரத்தோடு வரவேற்றார். "முதல்ல சாப்பிடுங்க டாக்டர். ஊர்க் கடையில வாங்கின ஆட்டுத்தலை சூப். இந்த மண்ணுல பொறந்தவன் நான், விருந்தாளியை வெறும் வயித்தோட விடமாட்டேன்."

செவ்கெத் சூப்பைக் குடித்துவிட்டு, அந்த மூன்று தாடைகளில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயே! இப்பதானே சாப்பிட்டீங்க!" என்றாள் செர்ரின்.

"மண்ணுக்குள்ள ரொம்ப நாள் கிடந்த எலும்பு நாக்குல ஒட்டும். இது வழுக்குது. வேற என்ன தெரியுது, சொல்லு."

"மூணுலயும் முன்பக்கம் மட்டும் கருகியிருக்கு. அப்புறம், பின்னால ஒரு கடைவாய்ப் பல் புதுசா முளைச்சிருக்கு. பழைய குட்டிங்களுக்கு அது இல்லை."

"அதான் வேணும். எல்லாரையும் கூப்பிடு."

பெட்டியைத் திறக்கக்கூடிய மெலாஹத், ஹாலுக், செலாமி மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள்.

"என்னையும் சந்தேகப்படுறீங்களா?" என்றார் ஹாலுக்.

"உங்களையும்தான். ஆனா இந்தப் பல் உங்களைக் காப்பாத்திடுச்சு. குட்டி பால் மறக்குற சமயத்துலதான் இது முளைக்கும். மெலாஹத் திருட்டுத்தனம் பண்ணியிருந்தா பச்சைக் குட்டித் தாடையைத்தான் போட்டிருப்பா. அவளை மாட்டிவிட நீங்க நினைச்சிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பீங்க. எலும்பு தெரிஞ்ச யாரும் இதைத் தொடமாட்டாங்க. முன்பக்கம் கருகினது, ரோமத்தைப் பொசுக்குறப்போ பட்ட நெருப்பு. இது சூப்புக் கடைத் தலை, செலாமி."

செலாமியின் முகம் தொங்கிப்போனது. "நிரூபிக்கத் தாடை எண்ணிக்கை பத்தாதுன்னு பேராசிரியர் போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. வயிறு எரிஞ்சுது. எங்க ஆளுங்கதான் முதல்ல பால் கறந்தாங்கன்னு உலகம் ஒத்துக்க வேண்டாமா? குட்டின்னா குட்டிதானேன்னு போட்டுட்டேன்..."

"உங்களை யாருய்யா கேட்டா?" மெலாஹத் மேசையைத் தட்டினாள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மீதியும் போலி இல்லைன்னு என்ன நிச்சயம்?" ஹாலுக் விடவில்லை.

செவ்கெத் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். பேராசிரியர் தயங்கித் தயங்கி ஒன்றை நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. லென்ஸை எடுத்து அதிலிருந்த கத்திக் கீறலைப் பார்த்தார். பழங்காலக் கல் கத்தியின் கீறல்தான். ஒவ்வொன்றாகக் கடைசிவரை பார்த்துவிட்டு, எழுதியிருந்த அறிக்கையைக் கிழித்தார்.

"மூணை வெளியே எடுத்தா உங்க கணக்கு இன்னும் சுத்தமாயிடுது, மெலாஹத். மத்ததெல்லாம் பச்சைக் குட்டி. எண்ணிக்கை பத்தாதுன்னு நான் சொன்னதுதான், ஆனா கலப்பே இல்லாததால இதுவே போதும். நான் கையெழுத்துப் போடுறேன்."

செர்ரின் கைதட்டியே விட்டாள். செலாமி எழுந்து பெட்டிச் சாவியை மெலாஹத்தின் முன் வைத்தார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"அம்மா, அப்போ நிஜமாவே எங்க ஆளுங்க கறந்தாங்களா?"

மெலாஹத் சாவியை எடுத்துக்கொண்டு அவரை முறைத்தாள்.

"கறந்தாங்கய்யா. உங்க தயவு இல்லாமலே கறந்தாங்க."

செலாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே போனார்.