வெற்றெண் உரைப்பவள்

காலை ஏழு மணிக்கு ஜெயசீலி ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் கடற்சுவர் தெரிந்தது. அதற்கும் அப்பால், ஒரு காலத்தில் உப்பளமாக இருந்த இடத்தில் தண்ணீர் பளபளத்தது. திரையில் இரண்டு எண்கள் வந்து நின்றன.

"இன்றுவரை, தடுப்பூசி போட்டுக்கொண்ட நாற்பது நாட்களுக்குள் மாநிலத்தில் இறந்தவர்கள், இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு பேர். உப்புக்காய்ச்சலில் இறந்தவர்கள், முந்நூற்று நாற்பது பேர்."

கடற்சுவருக்குள் தேங்கும் உப்புத்தண்ணீரில் பெருகும் கொசு பரப்புவது உப்புக்காய்ச்சல்; ஊசி அதைத் தடுப்பதற்கு. அவ்வளவுதான் அன்றைய வேலை. தூத்துக்குடியின் ஒவ்வொரு முக்கிலும் நிற்கும் எண்பலகைகளில் அந்த எண்கள் ஒளிர்ந்தன. டீக்கடைகளில் அவள் குரல் கேட்டது. செயற்கைக் குரல்கள் ஊரை ஏமாற்றிய காலம் ஒன்று இருந்ததால், எண்களை மனிதர்தான் வாசிக்க வேண்டும் என்று விதி. அந்த மனிதர் புள்ளியியல் படித்தவராகவும் இருக்க வேண்டும். படித்ததை மட்டும் வெளியே சொல்லக் கூடாது. அந்தப் பதவிக்குப் பெயர் எண்ணுரைஞர்.

ஒலிவாங்கிக்குள், விளக்கச் சொற்களை வடிகட்டும் ஒரு சொல்வடி இருந்தது. 'ஆனால்', 'ஏனென்றால்', 'ஆகவே' போன்ற சொற்களில் ஒன்று வாயிலிருந்து விழுந்தாலும் போதும், ஒலி அறுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை "ஆனால்" என்று தொடங்கிவிட்டு, மௌனமான ஒலிவாங்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

எண்ணை மட்டுமே சொல்லலாம், விளக்கக் கூடாது என்ற இந்த வெற்றெண் சட்டத்தை மேலிருந்து யாரும் திணிக்கவில்லை. சனங்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது. முந்தைய பெருந்தொற்றில் அப்போதைய அரசு செத்தவர்களையெல்லாம் விளக்கியே மறைத்தது. இவருக்குச் சர்க்கரை, அவருக்கு இதயம், இன்னொருவருக்கு வயசு என்றது. கல்லறைகளுக்கும் கணக்குக்கும் இடையே மலையளவு வித்தியாசம் என்று தெரிந்த நாளில் ஊரே தெருவுக்கு வந்தது. "எண்ணை மட்டும் சொல், விளக்கம் வேண்டாம்" என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் கல்லூரி மாணவி ஜெயசீலியும் ஒருத்தி. பக்கத்தில் தம்பி ததேயு.

அன்று வாசித்து முடித்து வெளியே வந்ததும் நேரே மேலதிகாரி சங்கரவடிவின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஊசி போட்டவங்க முப்பது லட்சம் பேர். ஊசியே போடாட்டாலும் முப்பது லட்சம் பேர்ல நாற்பது நாளைக்கு ரெண்டாயிரத்து முந்நூறு பேர் போல செத்துத்தான் போவாங்க. அந்த எண்ணையும் பக்கத்துல போடலாம்லா? நான் எதுவும் சொல்லப் போறதில்ல. வெறும் எண்ணுதான்."

சங்கரவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு எண்ணுக்குப் பக்கத்துல இன்னொண்ண வச்சா அதுக்குப் பேருதான் விளக்கம், ஜெயசீலி."

"காய்ச்சல் எண்ண மட்டும் பக்கத்துல வைக்கிறோமே? ஊசி ஆறு மடங்கு கொல்லுதுன்னு முக்குக்கு முக்கு பேசுதாங்க."

"சட்டத்துல அந்த ரெண்டுந்தான் இருக்கு." துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார். "எங்க வீட்டுக்காரரு மூச்சு விட முடியாம எங்கண்ணு முன்னால செத்தாரு. சர்க்கரைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அவருக்கு வாழ்நாள்ல சர்க்கரையே கெடையாது. நீ சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். எனக்கு வெளக்கம்னாலே அந்தச் சீட்டுதான் ஞாபகம் வருது."

ஜெயசீலி திரும்பி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தம்பி வீட்டுக்குப் போனாள். ததேயு சுவர்ப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். அவன் மனைவி ஜெனிபா இன்னும் துக்கத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா, நெடுநாள் இதய நோயாளி, ஊசி போட்ட மறுவாரம் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். ஜெயசீலி தினமும் வாசிக்கும் பெரிய எண்ணில் அவரும் ஒருவர்.

மூத்தவள் அமலிக்கு ஒன்பது வயது. பள்ளியிலிருந்து ஊசிக்கு அழைப்பு வந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் ததேயு கதவைச் சாத்தினான்.

"எக்கா, ஒன் வேலைக்கு வேட்டுன்னு தெரியும். இருந்தாலும் கேக்குதேன். போடலாமா, வேண்டாமா?"

எண்ணுரைஞர் வீட்டுக்குள்ளும் விளக்கம் சொல்லக் கூடாது என்பதுதான் உறுதிமொழி. ஜெயசீலி அமலியைப் பார்த்தாள். அது தங்கை செலினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது.

"போடணும்," என்றாள். "மாதா கோயில் தேர் பாக்க எத்தன லட்சம் பேர் வாராங்க? தேர் பாத்துட்டுப் போனவங்கள்ல அடுத்த நாற்பது நாள்ல செத்தவங்கள எண்ணிப் பலகையில போட்டா நூத்துக்கணக்குல வரும். தேரா கொன்னுச்சு? பெருங்கூட்டத்த எண்ணினா அதுல சாவும் இருக்கும். ஒன் மாமனாரும் அப்படித்தான். அவரு நெஞ்சு எப்பமோ தளந்து போச்சு."

ஜெனிபா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கப்பாவுக்கும் காரணம் சொல்லியாச்சா மதினி? முந்தின தொற்றுலயும் இப்படித்தான் சொன்னாவ. வயசு, நெஞ்சு, சர்க்கரைன்னு."

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. அதே சொற்கள்தான். உண்மையும் பொய்யும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பெண் எதைக் கண்டு அடையாளம் சொல்வாள்?

ததேயு நிதானமாகக் கேட்டான். "சரி. ஊசியால ஒருத்தருகூட சாகலைன்னு சொல்லுதியா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. மருத்துவர் குழு ஒவ்வொரு சாவையும் ஆராய்ந்து முடிவு சொல்லியிருந்தது.

"ரெண்டு பேரு," என்றாள். "முப்பது லட்சத்துல ரெண்டு பேரு நெசமாவே ஊசியாலதான். காய்ச்சல் கண்டா நூறு பிள்ளைக்கு ஒண்ணு போயிரும், ததேயு. இந்த மழைக்கு ஒங்க தெருவுல பாதிக்கு வரும்."

அவள் பின்னால் சொன்ன நூறும் பாதியும் காற்றோடு போயின. 'ரெண்டு' மட்டும் அந்த அறையில் நின்றது.

"அந்த மாதிரி ஒண்ணு எம்மவளுக்கு வராதுன்னு சொல்லு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது."

"நீ சொல்லு. ஒன் வாயால."

ஜெயசீலி வாயைத் திறந்தாள். அட்டை தூக்கிய நாள் முதல் எண்ணில் பொய் சொன்னதில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

"சொல்ல முடியாது," என்றாள்.

ததேயு தலையாட்டினான். கோபப்படவில்லை. "அப்பம் பொறவு பாப்போம்," என்று கதவைத் திறந்துவிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கடற்சுவருக்கு உள்ளே உப்பு கலந்த தண்ணீர் தேங்கி, கொசு திரண்டது. ததேயுவின் தெருவில் முதலில் ஒரு வீடு, பிறகு வரிசையாக. அமலிக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து, மருந்தும் கிடைத்து, நல்ல டாக்டரும் பார்த்தார். யாரையும் குறை சொல்ல இடமில்லாமல் அந்தப் பிள்ளை செத்துப்போனது.

மறுநாள் ஜெயசீலி விடுப்பு எடுக்கவில்லை. ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து சின்ன எண்ணை வாசித்தாள். குரல் நடுங்காமல் வாசித்தாள். பலகையில் பெரிய எண் பெரிதாகவும், சின்ன எண் சின்னதாகவுமே இருந்தன. அதில் அமலி சேர்ந்திருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, ததேயு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம்.

"எக்கா, அன்னைக்கு நான் அவ்வளவு கேட்டேன்லா. நீ ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொய் சொன்னவங்களத்தான நாம வெரட்டுனோம்? நீயும் எங்கூட வந்தியே."

"வந்தேன். வந்து என்னத்தக் கண்டேன்?" அவன் அழவில்லை. "அவனுவ சாவ மறைக்கதுக்குப் பொய் சொன்னானுவ. நீ பொழைக்க வைக்கதுக்குக்கூடச் சொல்லமாட்டேன்னுட்டியே."

இரண்டு பொய்யும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வரும் என்று சொல்ல நினைத்தாள். மகளைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது?

ஜெனிபா உள்ளிருந்து வந்தாள். தோளில் செலின் தூங்கிக்கொண்டிருந்தது. "மதினி, நாளைக்கு இவளுக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு, நூறு, லட்சம், ஒண்ணும் எனக்குச் சொல்லாதிய. ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெயசீலி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாது," என்றாள்.

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

ஜெனிபாவின் முகம் இளகியது. அன்று அத்தனை கணக்கும் அசைக்காத ஒன்றை இந்த ஒரு பொய் அசைத்துவிட்டது.

செலினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கொஞ்சம் வீங்கி வடிந்தது. ஜெனிபா தெருவில் சொன்னாள், எண் வாசிக்கிற எங்க மதினியே சத்தியம் பண்ணிச் சொன்னாவ என்று. அந்த வாரமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஜெயசீலியின் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் எண் கேட்கவில்லை. காரணம் கேட்கவில்லை. சத்தியம் மட்டும் கேட்டார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துச் செய்துகொடுத்தாள்.

முதல் சில பேருக்குச் செய்யும்போது நாக்கு கூசியது. அப்புறம் கூசவில்லை.