தாய்ப்பாறை விதி

பிறப்பறிகருவியின் ஊசி கல்லுக்குள் இறங்கியது. கப்பலின் கூட்ட அறையில் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். எந்தக் கல்லைக் கொடுத்தாலும், அது எந்த நிலத்திலிருந்து பிய்ந்து வந்தது என்று சொல்லிவிடும் கருவி. அதை நம்பித்தான் நாடுகளெல்லாம் தாய்ப்பாறை விதியில் கையெழுத்திட்டிருந்தன: பிய்ந்துபோன கடற்தரை, தாய்நிலத்தை ஆள்பவருக்கே சொந்தம்.

“தாய்நிலம்: இந்தியா” என்றது திரை.

இந்தியத் தூதர் அஞ்சுகத்துக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கல்லை எடுத்த இடம், தென்முனைப் பெருநிலமான அண்டார்டிகாவை ஒட்டி, தமிழ்நாட்டைவிடப் பெரிய கடற்தரை. அள்ள அள்ளக் குறையாத உலோகம். தரையோடு மேலிருக்கும் தண்ணீரும் மீனும் சேர்த்தி, மேல்முறையீடு கிடையாது என்றெல்லாம் அடம்பிடித்து விதியில் சேர்த்தவளே அவள்தான்.

எதிரே இருந்த இல்டா, தென்முனைப் பெருநிலத்தை ஆளும் கூட்டரசின் தூதர். தோற்றுப்போனவரின் முகமாக அது இல்லை. அதுதான் அஞ்சுகத்தை உறுத்தியது.

“வாழ்த்துகள்” என்றார் இல்டா. காதிலிருந்த பெயர்ப்பி அதைத் தமிழாக்கியது. “நாங்களும் ஒரு கல் கொண்டுவந்திருக்கிறோம்.”

சாதாரணக் கறுப்புக் கல். ஊசி இறங்கியது.

“தாய்நிலம்: தென்முனைப் பெருநிலம்.”

“எங்க எடுத்தது இது?”

“பரங்கிப்பேட்டைக்கு எதிரே. அந்தக் கரையோரக் கடற்தரை முழுக்க இப்படித்தான். ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள்தானே? பிரியும்போது உங்கள் துண்டு இங்கே தங்கிவிட்டது, எங்கள் துண்டு உங்களோடு வந்துவிட்டது.”

துருவமெல்லாம் கல் பொறுக்கிய அவளுடைய ஆட்கள், சொந்தக் கரையை மட்டும் சோதிக்கவில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு எவராவது பத்திரம் தேடுவார்களா? தேடியிருக்க வேண்டும். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“அங்க ஜனங்க பொழைக்கிறாங்க!”

“விதியில் ஜனங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே” என்றார் இல்டா, மிகுந்த மரியாதையோடு. “எங்கள் கப்பல்கள் அங்கே தயாராக நிற்கின்றன. முடிவை அவற்றுக்குத் தெரிவித்துவிட்டோம்.”

கூட்டம் கலைவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. பரங்கிப்பேட்டையில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் கலியமூர்த்தி.

“அஞ்சு, யாரோ வெளிநாட்டுக்காரன் கப்பல்ல வந்து வலைய அறுத்து வுட்டுட்டாம்மா. இனிமே இது அவன் கடலாம். போட்டையெல்லாம் கரைக்குத் தொரத்திட்டான். நீ பெரிய எடத்துல இருக்கியே, யாரு இதுக்கு ஒத்துக்கிட்டதுன்னு விசாரி. அவன சும்மா வுடக்கூடாது.”

“நாந்தாண்ணே” என்றாள் அஞ்சுகம்.