வாசலில் நின்று சொல்ல வேண்டியது

அவர் மூச்சு விட்டு முடித்த பிறகும் இன்னொரு மூச்சு கேட்கிறதே, ஏன்?

படுக்கையறை வாசலில் நின்றபடி அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பிற்பகல் மூன்று மணி. இரவெல்லாம் விழித்திருக்கும் கணவர் பகலில்தான் உறங்குவார். திரையோரம் கசிந்த வெயில் தரையில் ஒரு கோடாகக் கிடக்க, துவைத்த விரிப்பின் வாசத்துக்கு அடியிலிருந்து ஈரமண்ணும் டீசலும் கலந்த நாற்றம் மெல்ல எழுந்து, வாசல்வரை வந்து, அவள் காலடியில் தங்கியது.

போர்முனையிலிருந்து அவர் திரும்பி நாற்பது நாள். தொட்டு எழுப்பக் கூடாது என்று படைப்பிரிவின் மனநல ஆலோசகர் போனில் சொல்லியிருந்தார். "வாசல்லயே நின்னு சொல்லுங்கம்மா. நீங்க யாரு, இது எந்த இடம், அவர் வீட்டுக்கு வந்துட்டார். அவ்வளவுதான்." முதல் வாரம் கணவரே சிரித்தார்: "பஸ் கண்டக்டர் மாதிரி ஸ்டாப் பேர் சொல்லி இறக்கி விடுறியே!" அவள் குரலை மட்டும்தான் நம்பினார். அந்த மூச்சைப் பற்றி ஆலோசகரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நீங்களும் கொஞ்சம் தூங்குங்கம்மா." வேறு யாரிடம் சொல்வது?

கட்டிலில் அவர் முனகினார், நடுங்கினார்.

"நான்தாங்க. இது நம்ம வீடு. நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க."

கண் திறந்தார். நடுக்கம் நின்றது. இரண்டாவது மூச்சு நிற்கவில்லை.

"அவனுக்கும் சொல்லு," என்றார்.

"யாருக்குங்க?"

"டிரைவருக்கு. பாவம், இன்னும் அங்கேயே கிடக்கறதா நினைச்சிட்டிருக்கான்."

டிரைவர். இவரோடு ஒரே வண்டியில் போனவன். மூடிய பெட்டியில் திரும்பியவன். அடக்கத்தின்போது அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான்.

சுவரோரம் மெத்தை அமுங்கியிருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. அதன்மேல் போர்வை ஏறியது. இறங்கியது.

"நீ சொன்னாத்தான் நம்புவான். ஒரே ஒரு தடவை." அவர் குரல் கெஞ்சியது. "அவனும் இங்கேயே இருந்துக்கட்டுமே."

சொல்லிவிட்டால் அது போகாது. அவளுக்குத் தெரிந்தது.

விரிப்பில் ஈரம் பரவியது. தலையணையில் ஒரு பள்ளம். அது மெதுவாக இடம் மாறியது. யாரோ முகத்தை அவள் பக்கம் திருப்பியதுபோல.

மூச்சு நின்றது. காது கொடுத்துக் காத்திருந்தது.

"மாட்டேங்க," என்றாள் அவள், மிகத் தாழ்ந்த குரலில்.