நிழலில்லா வெளிச்சம்

ஓரிடத்தில் மட்டும் புல் முளைக்கவில்லை.

சிவபாலன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். மலைச்சரிவும் பற்றைகளும் பாறைகளுமாக, வெளிநாட்டு விளையாட்டுக் கம்பனி ஒன்றுக்காகக் கணினிக்குள் அவன் கட்டிக்கொண்டிருந்த நிலம் அது. புல்லை அவன் கையால் நடுவதில்லை. சரிவு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் மென்பொருளே லட்சக்கணக்கில் தூவிவிடும். இரண்டு பாறைகளுக்கு நடுவே மட்டும் அது தூவ மறுத்திருந்தது. நீள்சதுரமாக வெறும் மண். ஓர் ஆள் நீளம்.

அழித்துவிட்டுத் திரும்பத் தூவினான். அந்த இடம் மொட்டையாகவே கிடந்தது.

"அதில ஒரு கல்லத் தூக்கி வெச்சிருங்களே மச்சான்," என்றான் மஷூர். வெள்ளவத்தையில் புடைவைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக் கம்பனியின் முதலாளி அவன்தான். "வெள்ளக்காரன் வந்து பெரட்டியா பாக்கப் போறான்?"

சிவபாலன் கல்லை வைத்தான். கல்லுக்குக் கிளெமென்ற் எடுத்த படத்தையே தோலாகப் போர்த்தினான். வேறு படம் இருக்கவில்லை.

கிளெமென்ற் கொட்டாஞ்சேனைப் பொடியன். தண்டவாளத்துக்கு அப்பால் கடலோரம் கிடக்கும் கற்களைப் படமெடுத்து வருவது அவன் வேலை. பாறை நிஜம்போல வர வேண்டுமென்றால் படத்தில் நிழல் விழுந்திருக்கக் கூடாது. விழுந்தால், பிறகு எந்தச் சூரியனை வைத்தாலும் பொய் தெரிந்துவிடும். முதலில் அவன் உச்சி வெயிலில் எடுத்துவந்தவற்றைப் பார்த்து, "இதென்னடா மினுக்கம், கல்லோ மஸ்கட் அல்வாவோ?" என்று சிரித்தது சிவபாலன்தான். "பொழுதுபட்டாப் பிறகு போ. இருட்டுக்கு முதல் ஒரு வெளிச்சம் வரும். அதில எடு."

சண்டைக் காலத்தில், மங்கல் வெளிச்சத்தில், தண்டவாளத்தோரம், கமராவோடு ஒரு தமிழ்ப் பொடியன். யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கிளெமென்ற் சில மாலைகளில் நல்ல படங்களோடு வந்தான். ஒரு மாலை வரவில்லை. ஆட்களைப் பிடித்துப்போகும் வெள்ளை வான் ஒன்று நின்றதாகக் கடலைக்காரன் சொன்னான். மறுநாள், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றான்.

கல்லை வைத்த மறுநாள் காலை சிவபாலன் கணினியைத் திறந்தபோது கல் விலகிக் கிடந்தது. யாரோ தோளால் தள்ளியதுபோல. நீள்சதுரத்தில் மெல்லிய புல் அரும்பியிருந்தது.

அந்த நிலத்தில் காலம் கிடையாது. தூவிய புல் தூவிய உயரத்திலேயே நிற்கும். பூ வாடாது, இலை உதிராது. ஆனால் அந்த ஒரு துண்டு மட்டும் வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்சம் உயரமாக, இன்னும் கொஞ்சம் கருமையாக, சாப்பாடு கிடைத்த புல்லாக.

வெளிநாட்டுக் கம்பனிக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அருமையான இயல்பு என்று எழுதியிருந்தார்கள்.

கிளெமென்றின் அக்கா பிலோமினா அரைநாள் லீவு போட்டுவிட்டு மட்டக்குளிப் பக்கத்துத் தையல் தொழிற்சாலையிலிருந்து பஸ் மாறி வந்தாள். படியேறிய களைப்பு ஆறுமுன்பே பேசினாள்.

"பொலிசில ஒருக்கா வந்து சொன்னாக் காணும் தம்பி. கல்லுப் படம் எடுக்கத்தான் போனவன், நான்தான் அனுப்பினனான் எண்டு. அவங்கள் கல்லை ஆர் படமெடுப்பான் எண்டு கேட்டுச் சிரிக்கிறாங்கள்."

"அக்கா, நான் ஊரிலயிருந்து வந்தனான், எனக்குப் பொலிஸ் பதிவு இல்லை. இஞ்ச நிலத்திலதான் படுக்கிறன். போனா என்னையும் வைச்சிருப்பாங்கள்."

"அவனை அனுப்பேக்குள்ள பதிவு இருக்கோ எண்டு கேட்டனீங்களோ?"

மஷூர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அனுப்பேல்லை," என்றான் சிவபாலன். "அவன் தன்ர விருப்பத்திலதான் போனவன்."

பிலோமினா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் திரையைப் பார்த்தாள்.

"இது எவடம்?"

"எவடமும் இல்லை. கொம்பியூட்டர்ல செய்தது."

"அப்ப அதில மட்டும் ஏன் இவ்வளவு பச்சை?"

அவள் இறங்கிப் போனபிறகு அவன் திரும்பிப் பார்த்தான். பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில், அதே நீளத்தில், புதிதாக ஒரு மொட்டை நிலம். இதில் மண் இளகியிருந்தது.

அன்று இரவு அவன் மலைச்சரிவின் மேலாகக் கமரா பறந்துபோகும் காட்சியைக் கணக்குப்போட்டுப் படம் படமாக வரையக் கணினிக்குக் கொடுத்தான். காலையில் அனுப்பியாக வேண்டும். மஷூர் மாளிகாவத்தை வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். கீழ்க்கடையின் புதுத்துணி வாசமும், காலி வீதிச் சாக்கடை வாசமும், கடலின் உப்பும், சூடேறிய கணினித் தூசியின் நெடியும் கலந்து அறைக்குள் நிற்க, இடது வார் அறுந்து ஊசி குத்திய றப்பர் செருப்பை இழுத்து இழுத்து அவன் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

விளக்குகள் அணைந்தன. இந்த அறையில் மட்டுமல்ல, தெருவில், எதிர் மாடியில், கடற்கரை வரைக்கும் எல்லா இடத்திலும். குண்டுபோட விமானம் வருகிறதென்றால் நகரம் முழுவதையும் இப்படித்தான் அணைப்பார்கள். மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. துறைமுகப் பக்கம் பீரங்கி இருமியது. யூ.பி.எஸ் பெட்டி கீச்சிட்டபடி கணினியைத் தாங்கிக்கொண்டது. ஊரே இருண்டு கிடக்க அந்தத் திரை மட்டும் வெளிச்சமாக நின்றது.

"லைட் எக்க நிவபங்!" விளக்கை அணைக்கச் சொல்லிக் கீழே தெருவிலிருந்து ஒருவன் சிங்களத்தில் கத்தினான்.

சிவபாலன் திரையின் பொத்தானை அழுத்தினான். அணையவில்லை. இன்னொருமுறை அழுத்தினான். யூ.பி.எஸ் நீளமாக ஒரு கீச்சு கீச்சிட்டு, செத்தது. திரை எரிந்தது.

வயரைப் பிடுங்கினான். கையில் வயர் தொங்கியது. திரை எரிந்தது.

படம் சதுரம் சதுரமாக நிரம்பிக்கொண்டிருந்தது. நடுவில் வானம். அவன் வைத்த காலை வானம் அல்ல. சாம்பல் வானம். பொழுதுபட்டு, இருட்டுவதற்கு முன்னான வெளிச்சம். எந்த நிழலும் இல்லை. வானத்தைச் சுற்றி நாலு பக்கமும் மண்சுவர். சுவரிலிருந்து அறுந்த வேர்கள். மேல்விளிம்பில் புல் உள்ளே குனிந்து நின்றது.

நிலத்துக்கு மேலே பறக்க வேண்டிய கமரா நிலத்துக்குள்ளே மல்லாந்து கிடந்தது.

கீழே கதவு உடைபடும் சத்தம். பூட்ஸ்கள். படியில்.

சட்டையைக் கழற்றித் திரையின் மேல் போட்டான். துணியைத் தாண்டி வெளிச்சம் வந்தது. ஈர மண் வாசமும் வந்தது. சட்டையை இழுத்தெடுத்தான்.

"நான்தான் அனுப்பினனான்," என்றான். வாய்க்குள் சொன்னான். பிறகு சத்தமாக. "நான்தான் அனுப்பினனான்!"

கேட்க யாரும் இல்லை.

கடைசிச் சதுரங்கள் அடியில் நிரம்பின. இரண்டு பாதங்கள், விரல்கள் மேல்நோக்கி. றப்பர் செருப்பு. இடது வாரில் ஊசி.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

படத்தில் பாதங்களுக்கு மேலே, அந்தரத்தில், விழும் வழியில் ஒரு மண்கட்டி நின்றது. ஒவ்வொரு பரலும் தனித்தனியாகத் தெரிந்தது. பொய்யே தெரியவில்லை.

பூட்ஸ்கள் வாசலில் நின்றன.

அடுத்த படம் தானாகத் தொடங்கியது. அதில் பாதங்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் மண் இருந்தது.