முப்பத்தொன்றாவது வரி

நாகஜோதி பார்த்து எழுதியது முப்பது வரி. நோட்டில் முப்பத்தொன்று இருந்தது.

மறுபடி எண்ணினாள். அந்தப் பழைய இறப்புப் பதிவேட்டில் முப்பது பெயர்தான். கீழே, பதிவு எழுதிய கிராம முன்சீப்பின் கையெழுத்து. அவள் படிப்பது எம்.ஏ. வரலாறு, கடைசி வருடம். நூறு வருடத்துக்கு முன் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வந்த காலராவைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். இறந்தவர்களை முறையாக அடக்கம் செய்தார்கள் என்று புத்தகங்களில் இருந்தது. மூல ஆவணத்தைப் பார்க்காமல் அதை எழுதாதே என்று பேராசிரியர் அனுப்பிவைத்தார். கம்பத்தில் இருந்த இந்தப் பதிவறையில் போட்டோ எடுக்கக் கூடாது, பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

மதியம் மூன்று மணி. சாத்திய ஜன்னலுக்கு வெளியே கேரளத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் இரைச்சல், உள்ளே பாச்சை உருண்டையும் கறையான் அரித்த காகிதமும் கலந்த வாடை, அதற்கும் அடியில், இப்போதுதான் தோண்டிப் போட்டதுபோல் ஈரமண்ணின் வாடை.

கூடுதல் வரியும் அவள் கையெழுத்துதான். 'மொக்கம்மாள். வயது ஒன்பது. வாந்திபேதி.' அடுத்து, அடக்கம் என்ற கட்டத்தில், 'உயிரோடு.'

ரப்பரால் அழித்தாள். அழிக்கும்போதுதான் நோட்டில் மேலே இருந்த வரிகளைப் பார்த்தாள். முப்பது பெயருக்கும் நேராக அதே சொல்.

வாசலோர மேசையில் ஊழியர் வைகுண்டராஜ் கோப்புகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"சார், இந்த ரிஜிஸ்டர முன்னாடி யாராச்சும் பாத்தாகளா?"

"ஒரு வாத்தியார் வந்தாக. ரெண்டு வருசம் இருக்கும். எழுதிக்கிட்டிருந்தவுக பாதியில எந்திரிச்சுப் போயிட்டாக. நோட்டக்கூட எடுக்கல."

"ஏன் சார்?"

"கேட்டேன். வாயத் தொடச்சுக்கிட்டே போயிட்டாகம்மா."

முத்திரைச் சத்தம் மறுபடி தொடங்கியது.

கிளம்பிவிடலாம் என்று நோட்டை மூடப் போனாள். பென்சில் விரல்களுக்குள் இருந்தது. எடுத்ததாக நினைவில்லை. கை நகர்ந்தது.

'என்னைப் பாயில் சுருட்டினார்கள். கூப்பிட்டேன். முன்சீப் குனிந்து பார்த்தார். கண்ணைச் சிமிட்டினேன். பார்த்தார். குழியை மூடச் சொன்னார்.'

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. தன் கை அல்ல அது. கல்போலக் கனத்தது. குளிர்ந்திருந்தது.

'முதலில் கால். பிறகு வயிறு.'

எழுந்திருக்கப் பார்த்தாள். தொடைக்கு மேல் ஏதோ பாரம். குனிந்தால் ஒன்றுமில்லை. பாரம் ஏறியது. வயிறு. நெஞ்சு. மூச்சு பாதியில் நின்றது.

பத்தடி தூரத்தில் வைகுண்டராஜின் முதுகு.

சார் என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

"என்னம்மா, முடிஞ்சிருச்சா? அஞ்சு மணிக்குப் பூட்டணும்," என்றார் அவர், திரும்பாமல்.

நாக்கில் கரகரப்பு. பல்லிடுக்கில். தொண்டையில். வாயைத் திறந்தாள். கட்டி கட்டியாக ஈரமண் காகிதத்தின்மேல் விழுந்தது.

அவள் கையே அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுதிக்கொண்டே போனது.