பூனைக்காலிப் பொடி

நடுக்கம் பார்க்கச் சுழி வரையக் கொடுத்த பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் ஜெயவேலின் விரல்கள் காகிதத்தின்மேல் சுழி போட்டுக்கொண்டிருந்தன.

கை நடுக்கத்துக்குப் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்காக வாராவாரம் ஆரணிக்கு வரும் அருள்ராஜ் அதைக் கவனித்துவிட்டான். "இன்னாண்ணா, நிறுத்துன்னு சொல்லியும் போய்கினே இருக்குது? எழுதிக்கட்டுமா?"

ஜெயவேல் கையை மடியில் ஒளித்தார். பொடியால் வந்த கோளாறு என்று எழுதினால் அதை நிறுத்திவிடுவார்கள். நடுக்கம் திரும்பிவிடும். நடுங்குற கையை எந்தத் தறியில் உட்காரவைப்பார்கள்?

"பாவு பிணைக்கிறவன் கை தம்பி. தூக்கத்துலகூட முறுக்கிகினுதான் இருக்கும்."

"ஆமாப்பா," என்று சிரித்தாள் அவர் மனைவி திலகவதி. "தூங்கறப்பதான் ஜாஸ்தி வேலை செய்யுது. முழிச்சிகினா பேஜாரு."

அருள்ராஜும் சிரித்தான். 'தொழில் பழக்கம்' என்று குறித்துக்கொண்டு, அடுத்த வாரத்துப் பொட்டலங்களை வைத்துவிட்டுப் போனான்.

மதியம் தறியில் புதுப்பாவை, நீளவாட்டு இழைகளை, ஏற்ற உட்கார்ந்தார். நெய்து தீர்ந்த பழைய பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதுசின் ஒரு நுனியைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கவேண்டும்; ஆயிரக்கணக்கான சிவப்பு இழை. தலைக்குக் குளித்த திலகவதி கூந்தலைக் காயவிட்டு அவர் முழங்காலருகே படுத்தவள், தெருவெல்லாம் தறிச்சத்தம் அடித்தும் தூங்கிப்போனாள். கஞ்சிப்பசை வாடையும், நாக்கைவிட்டுப் போகாத பொடியின் துவர்ப்பும், கூரைக் கண்ணாடி வழியே இறங்கின வெயிலுமாக ஜெயவேலுக்குக் கண் சொக்கியது. விரல்கள் மட்டும் எடுத்து, தொட்டு, முறுக்கி, மறுபடி எடுத்து, பத்து வருஷமாக ஓடாத ஓட்டம் ஓடின.

விழித்தபோது வெயில் சுவரேறியிருந்தது. தெருவில் ஒரு தறிச்சத்தமும் இல்லை.

விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

புதுப்பாவில் பாதி தொடாமலே தொங்கியது. ஆனால் பழைய பாவில் ஒரு நுனிகூட மிச்சமில்லை.

அப்படியானால் மீதி நுனிகளை எதோடு சேர்த்தது?

குனிந்து பார்த்தார். சிவப்பு இழை முடிகிற இடத்தில் கறுப்பு. பக்கத்தில் கறுப்பு. நடுநடுவே நரை.

ஒவ்வொன்றாக. சாம்பல் தொட்டு. அழுத்தமாக.

கையை இழுத்தார். வரவில்லை. "திலகா" என்று கத்தப் பார்த்தார். நாக்கு புரளவில்லை.

கடைசி இழையும் முடிந்தது. இடது கை நின்றது. வலது கை எட்டிப்போய், துணி சுற்றும் உருளையின் கட்டையைப் பிடித்தது.

ஒரு சுற்று.

"ஏங்க..." தூக்கக் கலக்கத்தில் திலகவதி. "யாரு என் தலைய இழுக்கிறது?"

இன்னொரு சுற்று.

தலை தரையைவிட்டு எழுந்தது. கண்கள் திறந்துகொண்டன. கறுப்பு இழைகள் விறைத்து, ஒழுங்காக, வரிசை தப்பாமல், தறிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.